பனிமலை நாயும் ஐப்பசி மழையும்

நனைந்த நாயின் நாற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கோணிப்பையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெயில் காட்டாமல் மூலையில் சுருட்டிப் போட்டு, ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் ஒரு வாடை வரும். அதில் பாதிதான் அது. எழுபதுகளின் நடுவில், தலைச்சன் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலத்தை அந்த வாடைக்குள் கழித்தேன். இன்றைக்கும் தெருவில் ஒரு நாய் நனைந்து வருவதைக் கண்டால் என் கை தானாக மூக்குக்குப் போகும்.

நான் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய ஊரில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் மூன்றே பேர். நான், என் வீட்டுக்காரர், என் மாமியார். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சிற்பம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் கொடுத்துக் கொடுத்து அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய அலட்டலும் வந்திருந்தன.

அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரிதான் இந்தச் சனியனைக் கொண்டுவந்தாள். இமயமலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது குட்டியாக வாங்கினாளாம். கடற்கரையோரம் அறை எடுத்துச் சில மாதம் தங்கினாள். வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்பியவள் நாயை இவர் கையில் கொடுத்துவிட்டாள். கூடவே ஒரு போட்டோ. பனிக்குள் மார்பு வரை புதைந்து, நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கிற மாதிரி நிற்கிறது குட்டி. இவர் அந்தப் போட்டோவைக் கடையில் ஒட்டிவைத்து, சைக்கிள் எடுக்க வந்தவனுக்கெல்லாம் காட்டினார்.

"ஐஸ்ல பொறந்த ஜாதி இது. நம்மூரு நாயி மாதிரின்னா நெனச்சிகினு கீறே?"

உடம்பு முழுக்க வெள்ளைச் சடை. வால் மட்டும் ஒரு முழத்துக்குச் சுருண்டு முதுகில் கிடக்கும். பார்க்க லட்சணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? ஐந்து வேளையும் தொழுகிற வீடு. கடைக்குக் காவல் என்று சொல்லித்தான் மாமியாரிடம் சம்மதம் வாங்கினார். அந்தக் காவல்காரன் முதல் வாரமே கடையை விட்டு வீட்டுக்குக் குடிவந்துவிட்டான். மாமியார் ஒரே ஒரு சட்டம் போட்டார். அது அவர் சொந்தமாகப் போட்ட சட்டமில்லை, எங்கள் வழியில் உள்ளதுதான். நாயும் காய்ந்திருந்து நாமும் காய்ந்திருந்தால், பட்டாலும் ஒன்றுமில்லை. இரண்டில் எது ஈரமாக இருந்தாலும் பட்ட இடம் அசுத்தம். ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். நாயின் வாய் பட்டாலும் அதே ஏழுதான்.

கோடையில் இந்தச் சட்டத்தால் பெரிய தொல்லை வரவில்லை. நாய் எங்கே நின்றாலும் காய்ந்தே கிடந்தது. மூச்சு வாங்கியபடி, குளிர்ச்சியான தரையைத் தேடித் தேடிப் படுக்கும். இவருக்குத்தான் மனசு தாளவில்லை. மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டியைக் கரையில் சொல்லிவைத்து வாங்கி, கடையின் பின்புறம் வைத்து நாயின் முதுகில் தேய்ப்பார். நாய் காய்ந்த பிறகுதான் வீட்டுக்கு அழைத்து வருவார், அந்த அளவுக்குச் சட்டம் தெரிந்தவர். ஆனால் மீன் கவிச்சி காய்ந்தால் போகுமா? சடை முழுக்க வாளை மீன் நாற்றம். அந்தக் கையோடு சாப்பாட்டுக்கு உட்காருவார். எனக்கு அப்போது இரண்டாவது மாதம். தட்டை வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன்.

"மழைக்காலம் வரட்டும் பாரு," என்பார். "அப்ப தெரியும் இது யாருன்னு."

ஊரே அந்த மழைக்குக் காத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஐப்பசி பிறந்து, ஒரு நாள் காலையில் கடலுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. இவர் கடைக்குக் கூடப் போகவில்லை. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். எதிர்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிற்கவைத்திருந்தார். முதல் சரம் விழுந்ததும் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, "ஓடு, ஓடு" என்று கையைத் தட்டினார்.

நாய் ஓடியது. வீட்டுக்குள் ஓடியது. அதற்கு முன் ஒரு கணம் நாலு காலையும் ஒரே இடத்தில் ஒடுக்கிக்கொண்டு, அத்தனை பெருமையாகச் சுருண்டிருந்த வாலைக் கீழே இறக்கிக் காலுக்கு நடுவில் செருகிக்கொண்டது. பிறகு இவர் காலுக்கிடையில் புகுந்து, வாசற்படியைத் தாண்டி, தொழுகைக்காக மாமியார் உடுத்தி நின்ற சலவைத் துணிக்கு எதிரே வந்து நின்று, தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது.

அந்த உதறலில் நனையாத பொருள் எங்கள் கூடத்தில் எதுவும் இல்லை. சுவர், பாய், தண்ணீர்ப் பானை, நான் வடித்து இறக்கிவைத்திருந்த சோறு. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முகத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்கு அருவருப்பு. எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்றபடியே, "இன்னா அண்ணாத்த, ஐஸ்ல பொறந்ததுக்குச் சளி புடிச்சிக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாய் அதற்குள் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. இவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "பயந்துட்டியா கண்ணு?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

சோற்றைக் கொட்டினேன். அப்புறம் கழுவினேன். ஏழு தடவை என்று வாயால் சொல்லிவிடலாம். பாயை, பானையை, மாமியார் துணியை, தரையை, மழை கொட்டுகிற கொல்லையில் குந்தி உட்கார்ந்து ஏழு தடவை கழுவிப் பாருங்கள். கழுவியது காயவும் காயாது. ஈரம் காயாத பாயில் நாய் மறுபடி வந்து படுத்தால் மறுபடி ஏழு.

எனக்கு இன்றுவரை புரியாத விஷயம் ஒன்று. பனிக்குள் புதைந்து சிரித்த பிராணிக்கு மழை என்றால் ஏன் அப்படிக் குலை நடுங்கியது? பனி உலர்ந்த மாவு மாதிரி, உதறினால் உதிர்ந்துவிடும் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். எங்கள் ஊர் மழை அப்படியா? தோலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு உள்ளே போன நாய் அதற்குப் பிறகு ஈரத் தரையில் காலை வைக்கவே மறுத்தது. வாசற்படி வரை வரும். ஒரு முன்னங்காலைத் தூக்கி மழையில் நீட்டிப் பார்க்கும். சொட்டுப் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, நாம் ஏதோ அதற்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்க்கும்.

வெளியே போகாத நாய் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் போகும். பாதி நாள் அடக்கிக்கொண்டு முனகும், பிறகு அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். இவர் கடற்கரை மணலை ஒரு கூடையில் அள்ளிவந்து மூலையில் வைத்தார். வைப்பது அவர் வேலை, அள்ளிக் கொட்டுவது என் வேலை. மணலும் ஈரம் கோத்துக்கொண்டு அந்த மூலையே புளித்துப்போனது. ஐந்தாம் மாதத்தோடு அடங்கியிருந்த வாந்தி எனக்குத் திரும்பி வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வயிற்றில் பிள்ளை உதைக்கும்.

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. எங்கள் வீட்டில் அடுப்படி, கிணறு, கக்கூஸ் எல்லாமே கொல்லையில். எதற்குப் போனாலும் மழையில் இறங்கித்தான் போகவேண்டும். கோணிப்பையைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது இடுப்புக்குக் கீழே தொப்பலாக இருக்கும். மழையைக் கண்டு நடுங்குகிற அந்த நாய்க்கு, நனைந்த மனுஷரைக் கண்டால் மட்டும் அப்படி ஒரு ஆசை. ஓடிவந்து ஈரக்காலை நக்கும், புடவையில் உரசும். உடனே புடவைக்கு ஏழு, காலுக்கு ஏழு. அதனால் மாமியார் பின்வாசலில் நின்று தடுப்பார்.

"ஈரத்தோட உள்ள வராதேம்மா. அது அங்கதான் படுத்துகினு கீது."

ஆக, நாய் நனையவே இல்லை, அதனால் அது சுத்தம். கட்டிலுக்கடியில் உலர்ந்து கிடந்தது. நனைந்தவள் நான். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, பின்பக்கத் தாழ்வாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு, புடவை சொட்டுச் சொட்டாக வடிந்து காயும்வரை நின்றேன். நாயைப் பிடித்துக் கட்டலாம். கட்டினால் ஊளையிட்டது. ஊளையிட்டால் இவருக்குப் பொறுக்காது. எனக்கு இருமல் பிடித்தது. கால் வீங்கியது. மாமியாரை மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை.

எனக்கு அப்போது ஒரே ஒரு நினைப்புதான். செங்கல்பட்டுக்குப் போய்விட வேண்டும். ஏழாம் மாதம் தொடங்கியதுமே என் அம்மா வளையலும் பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்து, என்னைக் கையோடு கூட்டிப்போவதாகச் சொன்னாள். இவர்தான், "வேணாம் மாமி, மழ வுடட்டும், நானே கூட்டியாந்து வுடறேன்" என்று திருப்பி அனுப்பினார். பிரசவத்துக்குச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியை விட்டால் அந்தப் பக்கத்தில் கதி இல்லை. கால்வாய்ப் பக்கத்து ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டால் பஸ் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் மருமகள் இந்த மாதிரி விஷயத்தை மாமியாரிடம் நேராகப் பேசுவதில்லை. புருஷன் வழியாகத்தான் கேட்கவேண்டும், பதிலும் அவர் வழியாகத்தான் வரும். கேட்டேன். மறுநாள் பதில் வந்தது.

"அம்மா வேணான்றாங்க. மழையில எங்க அலைக்கழியறதுன்றாங்க."

இன்னொரு தடவை கேட்டேன். அப்போதும் அம்மா வேண்டாம் என்றார்களாம். எட்டாம் மாதமும் பிறந்துவிட்டது. நான் அழுதேன். இவர் அந்த நேரத்தில் ஒரு கையில் குடையும் மறு கையில் நாயுமாகத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார். நாயை வெளியே பழக்குகிறாராம். இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் தேர்ந்தெடுத்து நடந்து, ஒரு மேட்டில் இறக்கிவிட்டு, தான் நனைந்தபடி அதற்குக் குடை பிடித்து நின்றார். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடுவில் எனக்கு யாரும் குடை பிடித்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. குமட்டல் நாயால் மட்டும் வந்ததில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் முன்பகலில் நாய் ஜமக்காளத்தின் மேலே வாந்தி எடுத்து வைத்தது. பெரிய ஜமக்காளம், ஒரு ஆளால் பிழிய முடியாது. மாமியார் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்தில் நின்று எதிரும் புதிருமாக முறுக்கினோம். மண் கரைத்த தண்ணீர் பழுப்பாக ஒழுகியது. என் வீங்கிய காலை மாமியார் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு இவ்ளோ புடிவாதம் இன்னாத்துக்கு? பெத்தவ வூட்டுக்குப் போய்ட்டு வான்னா மாட்டேங்கிறியே. ரோட்டுல தண்ணி ஏறிகினே வருதாம்."

நான் முறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"நான் எங்க மாமி மாட்டேன்னேன்?"

"நீதானே சொன்னே? மழையில வேணாம், இங்கியே இருந்துக்கறேன்னு. அவன் வந்து சொன்னானே, ரெண்டு வாட்டி."

"என்கிட்ட நீங்கதான் வேணாம்னு சொன்னதா சொன்னாரு."

ஜமக்காளம் எங்கள் இரண்டு பேர் கையிலும் முறுக்கேறியபடியே நின்றது. மாமியார் என் முகத்தையே பார்த்தார். அவர் தன் பக்கத்து முனையைக் கீழே போட்டார். அத்தனை நேரம் கழுவியது மறுபடி சேற்றில் விழுந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

மதியம் இவர் சாப்பிட வந்தார். நாய் கட்டிலுக்கடியிலிருந்து வந்து இவரைச் சுற்றியது. இலேசான தூறல்தான், ஆனாலும் குடையை விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாமியார் சோறு போடவில்லை. நேராகக் கேட்டார்.

"இவ ஆத்தா வூட்டுக்குப் போவ மாட்டேன்னு உன்கிட்ட சொன்னாளா?"

இவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். மனுஷனுக்கு முகத்தில் வெட்கம் என்று ஒன்று வருமே, அது வரவில்லை. சின்னக் கணக்கு ஒன்றைப் புரியாதவர்களுக்கு விளக்குகிற மாதிரி சொன்னார்.

"இவ பூட்டா இதை யாரும்மா பாத்துக்குவாங்க? நீங்க தொட மாட்டீங்க. நான் கடைக்குப் போவணும். மழ வுட்டதும் அனுப்பலாம்னு தான்…"

அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. என் பிரசவத்தையும், என் அம்மாவின் வளையலையும், ஆஸ்பத்திரியையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் அந்த மணல் கூடையை வைத்துப் பார்த்திருக்கிறார். கூடைதான் கனமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. சாணியில் காலை வைத்துவிட்டால் உடம்பு கூசுமே, அப்படித்தான் கூசியது. இந்த ஆளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

மாமியார் கத்தவில்லை. "அவ வவுத்துல கீறது உன் புள்ளடா," என்றார். "இது நாயி."

உள்ளே போய்த் தன் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார். என் துணிகளை ஒரு பைக்குள் அவரே திணித்தார். இவர் எழுந்து, "நான் வரேம்மா, இருங்க" என்று குடையை எடுத்தார். "நீ இங்கியே இரு. உன் புள்ளையப் பாத்துக்கோ," என்று சொல்லி, மாமியார் என் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினார். தூறல் வலுத்துவிட்டது. வழியெல்லாம் முழங்கால் சேறு. மாமியாருக்கு அப்போதே மூட்டு வலி உண்டு. ஒரு இடத்தில்கூட என் கையை விடவில்லை.

பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர், "நாளைக்கு வண்டி வருமோ வராதோ, தெரியாதுங்க" என்றார். தண்ணீர் ரோட்டோரத்தில் தளதளவென்று நின்றது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மாமியார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "என்னைய எவ்ளோ திட்டியிருப்பே நீ," என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவர் என் வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பஸ் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாமியாரால் திரும்பிப் போக முடியாமல் என் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த நாட்களுக்குள் எனக்கு நாள் கணக்குக்கு முன்பே வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று நர்ஸம்மா சொன்னாள்.

தண்ணீர் வடிந்து பஸ் விட்டதும் இவர் வந்தார். தாடி மண்டி, கன்னம் ஒட்டி, சட்டையெல்லாம் வெள்ளை முடி. அவர் வருவதற்கு முன்பே அந்த வாடை வந்துவிட்டது. தனியாக நாயோடு இருந்த நாட்களில் கூடையையும் தரையையும் அவரேதான் கழுவியிருக்கிறார். கட்டிலருகே வந்து நின்று, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்.

"எப்ப வூட்டுக்கு வருவீங்க?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மாமியார்தான் பதில் சொன்னார், மழைக்காலம் முழுசாக முடிந்து வெயில் அடித்த பிறகு என்று.

நாய் அதற்குப் பிறகும் சில வருஷம் எங்களோடு இருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அதே நடுக்கம், அதே நாற்றம். அதன் கூடையை நான் மறுபடி தொடவில்லை. எனக்கு மேலும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டு தடவையும் ஏழாம் மாதம் பிறந்ததும் மாமியாரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் பையை எடுத்துக் கொடுத்தார், நான் பஸ் ஏறிவிட்டேன். நான் போன செய்தி என் வீட்டுக்காரருக்கு, அவர் கடையிலிருந்து வந்த பிறகு, அவருடைய அம்மா வழியாகத்தான் தெரியும்.